பழைய கார் மாடல் கிட்: 24 மடங்கு சுருக்கும்போது எது சுருங்குகிறது, எது சுருங்குவதில்லை

பழைய கார்களின் ஸ்கேல் மாடல் கிட் கட்டுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒரு கேள்வி வரும். "பொம்மை காரா?" என்பது ஒன்று. "பாகமெல்லாம் பெட்டியிலேயே வருது, ஒட்டினா முடிஞ்சது, இதுல என்ன இருக்கு?" என்பது இன்னொன்று. கேட்பவர்கள் மேல் தப்பில்லை. குழந்தைகள் உருட்டி விளையாடும் காரையும், ஷோகேஸில் வைக்கும் உலோகக் காரையும், பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களாக வரும் கிட்டையும் சேர்த்து 'மாடல் கார்' என்ற ஒரே பெயரில்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடுகிறது.

ஷோகேஸ் கார் பெரும்பாலும் டைகாஸ்ட். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்து, தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடித்து, முழுதாக முடித்து விற்பது. கிட் என்பது முடிக்காமல் விற்பது. உடல், சேசிஸ், என்ஜின், சீட், ஸ்டியரிங், பம்பர் எல்லாம் தனித்தனிப் பாகங்களாக, பெயிண்ட் இல்லாமல் வரும். வெட்டி எடுப்பது, தேய்ப்பது, ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் நம் வேலை.

சரி, பாகம் எல்லாம் இருக்கும்போது அப்படி என்ன வேலை? ஒரு காரின் வடிவத்தை 24 மடங்கு சுருக்கிவிடலாம், ஆனால் பிளாஸ்டிக்கின் குறைந்தபட்சத் தடிமன், பெயிண்டின் தடிமன், தூசியின் அளவு இவையெல்லாம் நமக்காகச் சுருங்காது. கிட் கட்டுபவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த இடைவெளியைச் சரிக்கட்டுவதுதான். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் ஏன் என்று கேட்காமலே விளங்கும். அதனால் அளவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்கேல் என்பது ஒரு வகுத்தல் கணக்கு

பெட்டி மேல் 1/24 என்று போட்டிருக்கும். நிஜக் காரின் எந்த அளவை எடுத்தாலும் அதை 24 ஆல் வகுத்தால் மாடலின் அளவு வந்துவிடும், அதுதான் ஸ்கேல். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொண்டால் கணக்கு அழகாக வரும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். பீட்டிலில் அது 2,400 மி.மீ., 24 ஆல் வகுத்தால் சரியாக 100 மி.மீ. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1966ஆம் வருட பீட்டில் 1300ஐ இந்த ஸ்கேலில் கிட்டாகப் போட்டிருக்கிறது. நிஜக் காரின் நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, மாடலில் அது சுமார் 17 செ.மீ., மேஜையில் ஒரு பேனாவை விடச் சற்று அதிக இடம்.

இங்கே முதல் குழப்பம் வரும். கீழே இருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக மாடல் சிறிதாகும். அதே பீட்டில் 1/43 ஸ்கேலில் வந்தால் வீல்பேஸ் ஐந்தரை செ.மீ. சொச்சம், 1/12 என்றால் 20 செ.மீ., 1/8 என்றால் 30 செ.மீ. எண்ணை மட்டும் பார்த்து "எண் பெரிது, மாடலும் பெரிது" என்று நினைத்து ஆன்லைனில் ஆர்டர் போட்டவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது குழப்பம் இன்னும் ஆழமானது. 1/12 மாடல் 1/24ஐ விட இரண்டு மடங்கு பெரிது என்று எல்லோரும் சொல்வார்கள். நீளத்துக்கு அது சரி. ஆனால் அகலமும் இரண்டு மடங்கு, உயரமும் இரண்டு மடங்கு, ஆக அது பிடிக்கும் இடம் எட்டு மடங்கு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1930ஆம் வருட நாலரை லிட்டர் பென்ட்லி 1/12 ஸ்கேலில் வந்தது; பெட்டியைத் திறந்து பாகங்களைப் பரப்பினால் சாப்பாட்டு மேஜை போதாது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். பீட்டிலின் எடை சுமார் 800 கிலோ. அதே இரும்பையும் கண்ணாடியையும் ரப்பரையும் வைத்து மூன்று பக்கமும் 24 மடங்கு சுருக்கினால், 24ஐ மூன்று தடவை பெருக்கி வரும் 13,824 ஆல் எடையை வகுக்க வேண்டும். வருவது 58 கிராம். 800 கிலோ கார் உள்ளங்கையில் ஒரு முட்டையின் கனத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த எண்கள் ஏன் 20, 25, 50 என்று நேராக இல்லை என்றும் கேட்பார்கள். 1/24 அங்குலக் கணக்கிலிருந்து வந்தது, ஒரு அடிக்கு அரை அங்குலம். 1/43 பொம்மை ரயில் உலகத்திலிருந்து வந்தது. அமெரிக்க கிட்களில் 1/25 அதிகம் இருப்பதற்கு ஒரு கதை உண்டு. அங்கே கார் டீலர்கள் புது மாடல் வந்தால் விளம்பரத்துக்காகச் சின்ன பிளாஸ்டிக் கார்களை வைத்திருப்பார்கள். 1948இல் தொடங்கிய ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கு இவற்றைச் செய்து கொடுத்தன. 1958இல் ஏ.எம்.டி. அதே அச்சுகளின் அடிப்படையில், ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும்படி கிட் போட ஆரம்பித்தது: கம்பெனியிலிருந்து வந்தபடி, ரசனைக்கு மாற்றியபடி, ரேஸுக்குத் தயாரானபடி. விளம்பரக் காரின் 1/25 அப்படியே கிட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆக 1/24 பீட்டிலையும் 1/25 ஷெவர்லே காரையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒன்றின் சக்கரத்தை மற்றதில் மாட்டப் போனால் தெரியும்.

இதுவரை சொன்னது: ஸ்கேல் என்பது வகுக்கும் எண். எண் பெரிதானால் மாடல் சிறிதாகும். நீளம் பாதியானால் இடமும் எடையும் எட்டில் ஒன்றாகும்.

எதெல்லாம் சுருங்காது?

நிஜ பீட்டிலின் மட்கார்டை விரலால் பிடித்துப் பார்த்தால் தகரம் ஒரு மி.மீ. கூட இருக்காது. 24 ஆல் வகுத்தால் 0.04 மி.மீ. பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாது, வார்த்தாலும் கையில் நிற்காது. அதனால் கிட்டில் உடலின் சுவர் ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். இதை நிஜ அளவுக்குத் திருப்பிப் பெருக்குங்கள். ஒரு அங்குலத் தடிமனில் தகரம் போட்ட கார்! வெளியிலிருந்து பார்க்கும்போது இது தெரியாது. மட்கார்டின் கீழ் ஓரத்திலும் ஜன்னல் ஓரத்திலும்தான் தெரியும், அங்கேதான் மாடல் 'பொம்மை' மாதிரி தோன்ற ஆரம்பிக்கும். அனுபவசாலிகள் அந்த ஓரங்களை மட்டும் உள்பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்து மெலிதாக்கிவிடுவார்கள். மற்ற இடத்தில் தடிமன் அப்படியே இருக்கும், கண் ஓரத்தைப் பார்த்துவிட்டு மொத்தமும் மெல்லிய தகரம் என்று நம்பிவிடும்.

சக்கரக் கம்பிகளும் இப்படித்தான். 1920, 30களின் ஸ்போர்ட்ஸ் கார்களில் சைக்கிள் போல ஸ்போக்ஸ் வைத்த சக்கரங்கள் இருக்கும். நாலு மி.மீ. கம்பி 1/24இல் 0.17 மி.மீ. ஆக வேண்டும், தலைமுடியைப் போலச் சுமார் இரண்டு மடங்குதான் தடிமன். உருகிய பிளாஸ்டிக் அவ்வளவு குறுகிய வழியில் ஓடி முடிப்பதற்குள் இறுகிவிடும், அதனால் கிட்டில் கம்பிகள் தடிமனாகத்தான் வரும். இதற்காகவே மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்த ஸ்போக்ஸ்களைத் தனியாக விற்கிறார்கள், போட்டோ எட்ச் என்று பெயர்.

பார்க்கும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். 1/24 மாடலை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜக் காரை ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் ஸ்பீடோமீட்டரின் எண்கள் தெரியுமா? தெரியாது. ஆனால் கதவுக்கும் உடலுக்கும் நடுவில் ஓடும் இருண்ட கோடு நன்றாகத் தெரியும். எதற்கு உழைப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்து இதை விட நல்ல அளவுகோல் இல்லை. புதிதாக வருபவர்கள் டாஷ்போர்டு மீட்டருக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்துவிட்டுக் கதவுக் கோட்டைப் பெயிண்டில் மூழ்கடிப்பதைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்ளும்.

பாகங்கள் எப்படி வருகின்றன: அச்சின் கதை

கொழுக்கட்டை அச்சைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பாதி. நடுவில் மாவை வைத்து மூடி அழுத்தினால் உருவம் வரும், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும், மாவு கூடிப்போனால் அந்தக் கோட்டில் பிதுங்கி ஓரமாக ஒரு இதழ் நிற்கும்.

கிட் தயாரிப்பும் இதுதான், மாவுக்குப் பதில் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், மர அச்சுக்குப் பதில் எஃகு அச்சு. பிளாஸ்டிக்கை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் மூடிய அச்சுக்குள் செலுத்துவார்கள். அது போய்ச் சேர வாய்க்கால்கள் வேண்டும். இறுகிய பிறகு அந்த வாய்க்கால்களே பாகங்களைத் தாங்கும் சட்டமாக நிற்கும், அதுதான் ஸ்ப்ரூ. அச்சின் பாதிகள் சேரும் கோட்டுக்கு மோல்டு லைன், பிதுங்கிய இதழுக்கு ஃபிளாஷ் என்று பெயர். பாகத்தை அச்சிலிருந்து தள்ளிவிட உள்ளே சில ஊசிகள் இருக்கும், அவை விட்டுப் போகும் வட்ட வடுக்கள் பெரும்பாலும் பாகத்தின் பின்பக்கம் தெரியும்.

காரின் உடல் மட்டும் இரண்டு பாதியில் அடங்காது. கதவுக் கைப்பிடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், முன்னால் ஹெட்லைட் குழி இருக்கும். மேலும் கீழும் மட்டும் பிரியும் அச்சாக இருந்தால் இவை மாட்டிக்கொள்ளும். அதனால் முன், பின், இடம், வலம், மேல் என்று பல துண்டுகள் தனித்தனியாக நகர்ந்து விலகும் அச்சைச் செய்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் அடுத்ததைச் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு. மட்கார்டின் வளைவு மேலும், கூரையைத் தாங்கும் தூண்களிலும், டிக்கி ஓரத்திலும் இவை ஓடும். பிளாஸ்டிக் நிறத்தில் பார்க்கும்போது கண்ணுக்கே படாது. பளபள பெயிண்ட் ஏறியதும் வரைந்து வைத்த மாதிரி எழுந்து நிற்கும், ஏனென்றால் 0.1 மி.மீ. மேடு என்பது நிஜக் காரில் இரண்டரை மி.மீ. மேடு. எந்தக் கார் கம்பெனியும் அப்படியொரு காரை வெளியே விடாது. 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பத்து நிமிஷத்தில் போய்விடும், ஆனால் பெயிண்டுக்கு முன்னால் செய்ய வேண்டும்.

பழைய கார் கிட்களுக்கு என்று ஒரு கூடுதல் சங்கதி இருக்கிறது. கார் மட்டும் பழையது என்று நினைப்போம், பல நேரம் அச்சும் பழையது. எஃகு அச்சு செய்ய ஆகும் செலவு மிக அதிகம், செய்துவிட்டால் பத்திரமாக வைத்துப் பல பத்தாண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப வார்க்கலாம். 1960களில் வெட்டிய அச்சில் வார்த்த கிட் இன்று புதுப் பெட்டியில், புதுப் படத்தோடு கடைக்கு வருவது சாதாரணம். தேய்ந்த அச்சில் பாதிகள் இறுக்கமாக மூடாது, ஃபிளாஷ் அதிகம் வரும், பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் மல்லுக்கட்டும். பொருந்தவில்லை என்றால் தன் கை சரியில்லை என்று புதிதாக வருபவர் நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் காரணம் அவருடைய கை கிடையாது. ஆகவே கிட் வாங்கும்போது கார் எந்த வருடம் என்பதோடு அச்சு எந்த வருடம் என்பதையும் விசாரியுங்கள்.

சுருக்கமாக: ஸ்ப்ரூ என்பது வாய்க்கால், மோல்டு லைன் என்பது அச்சின் தையல், ஃபிளாஷ் என்பது பிதுங்கல். மூன்றும் நிஜக் காரில் இல்லாதவை, அதனால் மாடலிலும் இருக்கக் கூடாது.

ஒட்டுவது என்று சொல்கிறோம், நடப்பது வேறு

"என்ன பசை போடணும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இரண்டு பொருளுக்கு நடுவில் மூன்றாவது பொருளாக நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வது பசை. கிட்டுக்குப் போடும் திரவமான பிளாஸ்டிக் சிமெண்ட் அந்த வேலையைச் செய்வதில்லை. அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். பாலிஸ்டைரீன் நீண்ட நூல் மாதிரியான மூலக்கூறுகளால் ஆனது. சிமெண்ட் பட்டதும் இரண்டு பரப்பிலும் அந்த நூல்கள் தளர்ந்து அசைய ஆரம்பித்து, ஒரு பக்கத்து நூல் மறுபக்கத்துக்குள் போய்ப் பின்னிக்கொள்ளும். பிறகு திரவம் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக், நடுவில் வேறு எதுவும் கிடையாது. இரண்டு பாகம் ஒரு பாகமாகிவிட்டது. பிளம்பர் பி.வி.சி. குழாயை இணைக்கும் சால்வென்ட் சிமெண்டிலும் நடப்பது இதுவே.

இதிலிருந்து நடைமுறை விதிகள் தானாக வரும். இடையில் பெயிண்ட் இருந்தால் சிமெண்ட் பிளாஸ்டிக்கைத் தொட முடியாது, ஆகவே ஒட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். அதிகம் ஊற்றினால் பலம் கூடாது, பிளாஸ்டிக்தான் குழைந்து வடிவம் கெடும். தண்ணீர் மாதிரி இருக்கும் சிமெண்டை முதலில் தடவிவிட்டுப் பாகங்களைச் சேர்ப்பதை விட, பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின் மேல் தூரிகை நுனியை வைப்பதே நல்லது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே தந்துகி விசையால் அந்தக் கோடு முழுக்கத் திரவம் தானே ஓடிப் பரவும். கண் முன்னால் கோடு நனைந்துகொண்டே போவதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நொடிகளில் ஒன்று.

கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் இது வேண்டாம். கரைந்த இடம் தெளிவை இழந்துவிடும், சூப்பர் க்ளூ வகை பசைகளோ காயும்போது வெளிவிடும் ஆவியால் வெண்மையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் மாதிரி மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் நிறமில்லாமல் போகும், தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

பெயிண்ட்: இங்கேதான் பெரும்பாலான மாடல்கள் கெடுகின்றன

நிஜக் காரின் மேல் இருக்கும் பெயிண்ட் மொத்தமாக 0.1 மி.மீ. சொச்சம். ஸ்கேல்படி பார்த்தால் மாடலில் அது 0.004 மி.மீ. ஆக வேண்டும், அது நடக்காது. பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், மேலே வார்னிஷ் என்று அடித்து முடிக்கும்போது 0.05 மி.மீ. ஏறியிருந்தால், அது நிஜக் காரில் 1.2 மி.மீ. தடிமனுக்குப் பெயிண்டைப் பூசியதற்குச் சமம். கதவு இடுக்கு நிஜத்தில் சுமார் ஐந்து மி.மீ., மாடலில் 0.2 மி.மீ. அந்த இடுக்கின் இரண்டு சுவரிலும் 0.05 ஏறினால் பாதி இடுக்கு காணாமல் போகும். எம்பிளம், கைப்பிடி ஓரம் எல்லாம் மழுங்கிவிடும். மாடல் 'சோப்பு' மாதிரி தெரிகிறது என்று கட்டுபவர்கள் சொல்வது இதைத்தான்.

அதனால்தான் பெயிண்டை நீர்க்கக் கலந்து மெல்லிய படலங்களாகப் பல தடவை அடிக்கிறார்கள். ஒரே தடவையில் மூடிவிட வேண்டும் என்ற ஆசைதான் எதிரி. முதல் படலம் அடித்ததும் பிளாஸ்டிக் திட்டுத்திட்டாகத் தெரியும், தெரியட்டும், மூன்றாவதில் சமமாகிவிடும். கதவுக் கோடுகளைப் பெயிண்டுக்கு முன்னாலேயே ஒரு கூரான கருவியால் லேசாக ஆழப்படுத்திக்கொண்டால் பெயிண்ட் ஏறிய பிறகும் அவை உயிரோடு இருக்கும்.

மெட்டாலிக் நிறங்களில் இன்னொரு சிக்கல். நிறத்துக்குள் மினுங்குவது அலுமினியத் துகள்கள். நிஜக் காருக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவை வாங்கி மாடலில் அடித்தால் 0.03 மி.மீ. துகள் நிஜ அளவில் முக்கால் மி.மீ. துகளாகத் தோன்றும், கார் ஜிகினா தூவின மாதிரி நிற்கும். மாடலுக்கான மெட்டாலிக் பெயிண்டில் துகளை நைசாக அரைத்திருப்பார்கள். பழைய கார் கட்டுபவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல், பீட்டிலும் ஃபோர்டின் பழைய மாடல் டி காரும் பெரும்பாலும் மினுக்கில்லாத வெறும் நிறங்கள்தான்.

பளபளப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி தனியாக ஒரு கிளியர் கோட் அடிக்கும் வழக்கம் சாதாரணக் கார்களில் 1980களில்தான் பரவியது. அதற்கு முந்தைய கார்களில் நிறமே பளபளக்கும், அந்த மினுமினுப்பு ஆழமாக, மெதுவாக இருக்கும். 1966 பீட்டிலின் மேல் தேன் ஊற்றின மாதிரி வார்னிஷை ஏற்றினால் வேலை சுத்தமாக இருந்தாலும் கார் தப்பாகத் தெரியும். மெல்லிய படலம் அடித்து, காய்ந்ததும் பாலிஷ் போட்டால் அந்தக் காலத்துப் பளபளப்பு வந்துவிடும்.

பெயிண்ட் வகைகளை வைத்துத்தான் அதிகமாகக் குழம்புகிறார்கள், ஆனால் விஷயம் சுலபம். லாக்கர் வகை பெயிண்டில் கரைப்பான் வீரியமானது, அதை நேரடியாக பிளாஸ்டிக் மேல் நனைய நனைய அடித்தால் பரப்பு வெடித்துச் சுருங்கும். பிரைமர் போட்டுவிட்டு மெதுவாக அடிக்க வேண்டும். எனாமல் மெதுவாகக் காயும், ஆனால் சீராகப் பரவும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் வாசனை குறைவு, வீட்டுக்குள் வைத்துக் கட்டுபவர்களுக்கு வசதி. வீரியமானது அடியில், மென்மையானது மேலே என்பது ஒன்றுதான் நினைவில் வைக்க வேண்டிய விதி. காய்ந்த எனாமல் மேல் லாக்கரை அடித்தால் அடியில் இருக்கும் எனாமல் குமிழிட்டு எழுந்துவிடும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது பெயிண்ட் மேல் படிந்து வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். சென்னையில் ஐப்பசி மழையின் நடுவில் லாக்கர் அடிக்காமல் இருப்பதே நல்லது. அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்துகொள்ளுங்கள். எந்த வகை ஆனாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், முகத்தில் ஆவியைத் தடுக்கும் மாஸ்க் இருக்கட்டும். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

சுருக்கமாக: பெயிண்டைச் சுருக்க முடியாது, அதனால் குறைவாகப் போடுகிறோம். வீரியமானது அடியில். மழை நாளில் லாக்கர் வேண்டாம்.

குரோம்

பழைய கார் என்றாலே குரோம். பம்பர், கிரில், ஹெட்லைட் வளையம், ஜன்னலைச் சுற்றி ஓடும் கம்பி என்று எங்கும் பளபளக்கும். கிட்டில் வரும் குரோம் பாகங்கள் நிஜமாகவே உலோகம் படிந்தவை: காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி, லாக்கர் பூசிய பிளாஸ்டிக் மேல் படிய விடுவார்கள். சில நேரம் அழகாக இருக்கும், பல நேரம் அளவுக்கு மீறிக் கண்ணைக் கூசும். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்தில் முலாம் போய் வெறும் பிளாஸ்டிக் தெரியும், சிமெண்டும் முலாமைத் தாண்டி உள்ளே போகாது.

அதனால் பலர் வந்த முலாமை பிளீச்சில் ஊறவைத்து நீக்கிவிட்டு, மோல்டு லைனைத் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பெயிண்டை மிக மெல்லியதாகப் போடுகிறார்கள். அடியில் இருக்கும் கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் மேலே குரோம். ஜன்னல் ஓரக் கம்பிகளுக்கு வேறு வழி. பேர் மெட்டல் ஃபாயில் என்று பின்னால் பசை தடவிய மெல்லிய உலோகத் தாள் கிடைக்கும். ஒரு துண்டை வைத்து, பல்குத்தும் குச்சியால் ஓரங்களில் அழுத்தி, கம்பி மேடாகத் தெரிந்ததும் புது பிளேடால் இரண்டு பக்கமும் கீறி மிச்சத்தை உரித்தால் கோடு மாதிரி குரோம் நிற்கும். பிளேடு மழுங்கியிருந்தால் தாள் கிழிந்து இழுபடும், அதனால் பிளேடுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

எந்தக் காரில் தொடங்குவது

பழைய கார்களில் மிகப் பழையவை எளிது என்று ஒரு நினைப்பு இருக்கிறது, பாகம் குறைவு என்பதால். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபோர்டு மாடல் டியில் மூடி மறைக்க உடலே இல்லை, ஸ்பிரிங், ஆக்ஸில், கம்பிகள் எல்லாம் வெளியே தெரியும்; மெல்லிய பாகங்கள் எளிதில் உடையும். உக்ரைனின் ஐ.சி.எம். நிறுவனம் 1/24இல் போட்டிருக்கும் 1913 மாடல் டி நல்ல கிட், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கட்டுங்கள். கட்டும்போது கறுப்பு அடித்துவிடாதீர்கள். மாடல் டி கறுப்பில் மட்டும் வந்தது 1914 முதல் 1925 வரைதான், 1913 வண்டி கருநீலம், மட்கார்டு கறுப்பு.

முதல் கிட்டுக்குப் பீட்டிலைத்தான் சொல்வேன். உருண்டையான உடலைத் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் சுலபம், ஒரே நிறம், குரோம் அளவோடு, என்ஜின் பின்னால் இருப்பதால் பானெட்டுக்குள் தலையை விட்டுக் குழம்ப வேண்டியதில்லை. சென்னையில் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மேல் பாசம் உள்ளவர்களுக்கு, அதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டை ஏர்ஃபிக்ஸ் 1/32இல் போட்டது, பழைய சரக்கு விற்பவர்களிடம் தேட வேண்டும். நிஜ வண்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளவும் மறக்காதீர்கள். கோவை ஜீடி கார் மியூசியம் மாதிரி இடத்துக்குப் போனால் முன்பக்கப் படத்தை எல்லோரும் எடுப்பார்கள், நீங்கள் மட்கார்டு ஓரம், சக்கரத்தின் உள்பக்கம், கதவு இடுக்கு இவற்றைப் படமெடுங்கள். கிட்டோடு வரும் செய்முறைத் தாளில் இவை இருக்காது.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் ஸ்ப்ரூக்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள், அச்சிலிருந்து எளிதில் கழன்றுவர அடித்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பாகங்களைத் திருகி உடைக்காமல் நிப்பர் என்ற சின்ன வெட்டும் குறட்டால் வெட்டுங்கள், கொஞ்சம் காம்பு விட்டு வெட்டிவிட்டு மிச்சத்தைப் பிளேடால் சீவுங்கள். சிமெண்ட் போடும் முன் ஒவ்வொன்றையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள்.

பல வருடம் பரணில் கிடந்த பழைய கிட்டை வாங்கினால் முதலில் டயரைத் தேடி எடுத்துத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். அந்தக் கால டயர்கள் பி.வி.சி.யில் செய்தவை, அதை வளையவைக்கக் கலந்த எண்ணெய் மாதிரியான பொருள் மெல்லக் கசிந்து வெளியே வரும். அது தொட்ட பாலிஸ்டைரீன் கரையும். பெட்டிக்குள் டயர் எந்தப் பாகத்தின் மேல் கிடந்ததோ, அதில் டயரின் பட்டைகள் அப்படியே பதிந்து குழிந்திருக்கும். ஜன்னல் கண்ணாடி மேல் கிடந்திருந்தால் அந்தக் கண்ணாடியைக் காப்பாற்ற முடியாது. கட்டி முடித்த மாடலிலும் இது நடக்கும், சக்கரத்தை உள்ளிருந்து தின்றுவிடும். அதனால் டயரை மாட்டும் முன் ரிம்மைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி இரண்டும் நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.